நிழல் விழாத அறை

கையை அவள் இறக்கிவிட்டிருந்தாள். சுவரில் அது இறங்கவில்லை.

வெளியே மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அறைக்குள் மட்டும் இருட்டு. ஜன்னலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய விளம்பரப் பலகை ராப்பகல் பார்க்காமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். பற்பசை விளம்பரம். ஒரு வாய், அதில் வரிசையாகப் பற்கள், நீலம், வெள்ளை, மறுபடி நீலம். அது குழந்தையின் கண்ணில் அடிக்கக் கூடாதென்று தடித்த கறுப்புத் துணியை இரண்டாக மடித்துத் திரை தைத்துப் போட்டிருந்தாள். திரையை இழுத்தால் பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. விளக்கு என்றால், நாத்தனார் வாங்கிக் கொடுத்த அந்த முயல்.

பிளாஸ்டிக் முயல், அதன் வயிற்றுக்குள் ஒரு மஞ்சள் பல்பு. தொட்டிலின் தலைமாட்டில் ஸ்டூலின் மேல் உட்கார்ந்துகொண்டு, கேட்டும் கேட்காத ஒரு ரீங்காரத்தோடு அது எரிந்துகொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், சுவரில் புதிதாக அடித்த பெயிண்ட் வாடையும், அவள் தோளில் பாப்பா கக்கிய பாலின் புளிப்பும் சேர்ந்து, காற்றே நகராத அந்தச் சின்ன அறையில் விடிந்ததிலிருந்து அவளோடேயே சுற்றிக்கொண்டிருந்தன. விடிந்ததிலிருந்து பாப்பா தூங்கவில்லை. பால் கொடுத்தாள், தோளில் போட்டு நடந்தாள், முதுகைத் தட்டினாள், தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்துத் தெரியாததையும் பாடினாள். தொட்டிலில் விட்ட மறு நொடி வீலென்று கத்தல். மூன்று மாதக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய தொண்டையை யார் வைத்தது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கை எழுந்தது. அடிக்க இல்லை. சத்தியமாக அடிக்க இல்லை. வேறு எதற்கு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நொடி அது தலைக்கு மேலே நின்றது. பிறகு அவளே பயந்துபோய் அதை இறக்கி, விலகிக் கிடந்த போர்வையைக் குழந்தையின் மேல் இழுத்துவிட்டாள்.

அவள் குனிந்தபோது எதிர்ச்சுவரில் அவளுடைய தலையின் நிழல் குனிந்தது, தோளின் நிழல் குனிந்தது. கையின் நிழல் மட்டும் விரல்களை விரித்துக்கொண்டு மேலேயே நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்து, ஞாபகம் வந்ததுபோல அதுவும் மெல்ல இறங்கி, சுவரில் தெரிந்த தொட்டிலின் நிழலுக்குள் போனது. கத்திக்கொண்டிருந்த பாப்பா டக்கென்று நிறுத்திவிட்டாள்.

பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வரும். அது அவள் சுபாவம். மலிவு பல்பு, மலிவு முயல், பார்த்துப் பார்த்து வாங்கிய நாத்தனாரின் புத்தி என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்விட்சை ஓங்கித் தட்டி அணைத்தாள்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப அதிக நாளில்லை. அதற்குள் பாப்பா இந்த அறையில், இந்தத் தொட்டிலில், அம்மா இல்லாமல் தூங்கப் பழக வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும், அவ்வளவுதான் விஷயம். வெளிச்சம் என்பது அவளுக்குப் புதிதும் இல்லை. தியேட்டரில் மேஜைக்கு மேலே தொங்கும் பெரிய விளக்கைப் பெரிய டாக்டரின் கைக்கு ஏற்ற மாதிரி திருப்பி வைப்பதே அவளுடைய பாதி வேலை. எவ்வளவு கொடுத்தாலும் அந்த ஆளுக்குப் போதாது. "சிஸ்டர், லைட்." திருப்புவாள். "சிஸ்டர், லைட்." மறுபடி திருப்புவாள். வயிற்றை ஆழமாகத் திறந்த நாட்களில் இன்னும் மோசம். "மேலெல்லாம் பளபளன்னு இருக்கு, உள்ள இருட்டா இருக்கே சிஸ்டர்" என்று எரிந்து விழுந்து, நெற்றியில் கட்டும் விளக்கைக் கொண்டுவரச் சொல்வார். வருஷக்கணக்கில் அடுத்தவன் கைக்கு வெளிச்சம் பிடித்தவளுக்குச் சொந்தக் குழந்தையின் அறைக்கு ஒரு விளக்கை முடிவு செய்ய உரிமை இல்லை. அதற்கு ஊரே யோசனை சொன்னது.

சாயங்காலம் கணவன் வந்ததும் முயலை அவன் கையில் திணித்தாள்.

"இதைத் தூக்கிப் போடுங்க."

"அக்கா ஆசையா வாங்கிக் குடுத்தது."

"அந்த ஆசையை அவங்க வீட்லயே வச்சுக்கச் சொல்லுங்க."

"சரி, முயல் என்ன தப்பு பண்ணுச்சு?"

"நிழல் ஒழுங்கா விழ மாட்டேங்குது."

அவன் சிரித்தான். "நிழல்ல என்ன சிஸ்டர், ஒழுங்கு, ஒழுங்கில்லாதது?"

வீட்டிலும் அவன் அவளை அப்படித்தான் கூப்பிட்டான். ஊரே அப்படிக் கூப்பிடும்போது தான் மட்டும் புதிதாக ஒன்றைத் தேடுவானேன் என்பது அவன் கட்சி. கல்யாணமான புதிதில் அது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் யாரோ வேலை ஏவுவது போலக் கேட்டது. அவன் முயலை எரியவிட்டு, அதன் முன்னால் இரண்டு கையையும் சேர்த்து நாய் பிடித்துக் காட்டினான். சுவரில் நாய் வாயைத் திறந்தது, மூடியது. கையை எடுத்தான், நாயும் போனது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"நீயும் காட்டு, பாப்போம்."

அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "எனக்கு வேற வேலை இருக்கு."

"உனக்குத் தூக்கம் இல்லை. அதான்."

அந்த ஒரு வார்த்தை. மூன்று மாதமாக அவள் எதைச் சொன்னாலும் அவனிடம் இருந்த பதில் அதுதான். குழாய் ஒழுகுகிறது என்றால் தூக்கம் இல்லை. குழம்பில் உப்பு அதிகம், கடையில் வாங்காதீர்கள் என்றால் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததற்கு யார் காரணம், அவன் குறட்டையா, பாப்பாவா என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

மறுநாள் அவன் ஒரு சுவர் விளக்கோடு வந்தான். திருகினால் கூட்டவும் குறைக்கவும் குமிழ் வைத்தது. அவன் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவன். சுவரையும் விளக்கையும் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அவனை நிறுத்த முடியாது. "மஞ்சள் சுவருக்கு வெள்ளை லைட் போட்டா பச்சை அடிக்கும். பிள்ளை சீக்காளி மாதிரி தெரியும். இந்த மங்கல்தான் கரெக்ட்" என்று சொல்லிக்கொண்டே, தொட்டிலின் கால்மாட்டில் சுவரில் துளை போட்டு மாட்டினான். விழுந்த காரைத் தூளை வழக்கம்போல அவள் கூட்டினாள்.

கால்மாட்டு விளக்கு என்றால் நிழல் தலைமாட்டில் விழும். அது அவளுக்குத் தெரியாததா. அன்றைக்குப் பாப்பாவைக் கிடத்திவிட்டு, தன் நிழல் எதன் மேலும் விழாத தூரத்துக்கு, வாசற்படிக்கு வெளியே வரை வந்து நின்று பார்த்தாள். அறை அரை இருட்டில் தேன் நிறமாக இருந்தது. திரையின் ஓரத்தில் விளம்பரப் பலகையின் நீலம் ஒரு கோடாக வந்து வந்து போனது. கீழே ரோட்டில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமியது, சமையலறையில் குழாய் சொட்டியது, விளக்கின் குமிழ் தன் பாட்டுக்கு மெல்ல முனகியது. தொட்டில் சட்டங்களின் நிழல்கள் தலைமாட்டுச் சுவரில் உயரமாக விழுந்திருந்தன. அந்தச் சட்டங்களின் மேலே, எந்தத் தோளோடும் சேராமல், ஒரு கை.

விரல்கள் கீழ்நோக்கி இருந்தன. சுவரிலிருந்து தலையணைக்கு அது இறங்கியது, பூச்சி ஊர்கிற அவசரம்கூட அதற்கு இல்லை. தலையணையிலிருந்து பாப்பாவின் காதுக்கு. காதிலிருந்து கன்னத்துக்கு. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. அவளுடைய வலது சுண்டுவிரலும் அப்படித்தான், வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஸ்ட்ரெச்சருக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கியது. அவளுடைய வலது கை அப்போது கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தும் கொண்டாள்.

நிழல் பாப்பாவின் வாயின் மேல் வந்து படுத்தது. பாப்பா அழ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அவள் பாய்ந்து போய் விளக்கை அணைத்து, குழந்தையை வாரிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். சோபாவில் படுத்திருந்த கணவன் எட்டிப் பார்த்தான்.

"பாத்தியா. லைட்டை மாத்தினதும் அழுகையே இல்லை."

அவனை என்ன செய்தால் தகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பாப்பா அழுவது குறைந்தது. வாய் திறக்கும், முகம் சிவக்கும், கால்கள் உதைக்கும், தொண்டையிலிருந்து ஒன்றும் வராது. குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் நாக்கை அழுத்திப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்தார், எடை போட்டார். "தொண்டை நல்லா இருக்கும்மா. சில பிள்ளைங்க அப்படித்தான், சாது. நீங்க குடுத்து வச்சவங்க" என்றார். பக்கத்து வீட்டில் அதையே சொன்னார்கள். நாத்தனார் போனில் அதையே சொல்லி, முயல் வந்த நேரம் என்று ஒரு வார்த்தை கூடவும் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு எல்லோரையும் உட்கார வைத்து அறைய வேண்டும் போலிருந்தது. அப்படி நினைத்த உடனே கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அறையை மாற்றிப் பார்க்காமல் இல்லை. பாப்பாவைத் தங்கள் படுக்கையறைக்குக் கொண்டுவந்து நடுவில் போட்டுக்கொண்டாள். படிக்கிற விளக்கைப் போட்டால் தலையணை உறையின் மடிப்பில் அது இருந்தது. சமையலறைக்குத் தூக்கிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தால் அந்த வெளிச்சத்தில் பாப்பாவின் சட்டையின் மேல் இருந்தது. துணி காயப்போடும் இடத்தில் பளீரென்ற வெயிலில், அவள் இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருக்கும்போது, மூன்றாவதாக ஒன்று சட்டையின் கழுத்துப் பட்டையை நீவிக்கொண்டிருந்தது. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் போதும், மறுபக்கம் அது வந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து பார்த்தாள். இருட்டில் நிழல் கிடையாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. பாப்பாவின் மூக்கில் காதை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அவள் கழுத்து பிடித்துக்கொண்டது.

கணவனிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை அவன் தூக்கம் என்றான். இரண்டாம் தடவை அவன் அவளையே பார்த்துவிட்டு, "லீவு போட்டு நான் ஒரு வாரம் வீட்ல இருக்கட்டுமா?" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்த கவலை குழந்தைக்காக இல்லை, அவளுக்காக, அவளைக் குழந்தையோடு தனியே விடுவதைப் பற்றி. அன்றோடு அவனிடம் சொல்வதை நிறுத்தினாள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விளக்குக் கடைக்குப் போனார்கள். அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே மேலே, பக்கத்தில், தரையில், படிக்கட்டின் ஓரத்தில்கூட விளக்கு. உருண்டை, நீளம், பூ, நட்சத்திரம், கூடை, எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து, அத்தனை பல்புகளின் சூடு முகத்தில் வந்து அடித்தது. கடைக்காரர் ஒரு யானை விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். "குழந்தை ரூமுக்குன்னா இதான்மா போகுது. மூணு கலர் மாறும்."

அப்போது பாப்பா அழுதாள்.

அழுதாள் என்றால் சாதாரண அழுகை இல்லை. உடம்பை வில்லாக வளைத்து, அம்மாவின் தோளைப் பிறாண்டி, கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் அலறல். கணவன் பதறினான், கடைக்காரர் யானையை ஆட்டிக் காட்டினார். அவளுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நாள் கழித்துக் கேட்கிறாள் அந்தத் தொண்டையை. குனிந்து தரையைப் பார்த்தாள். அவளுக்கு நிழல் இல்லை. கணவனுக்கு இல்லை, நாற்காலிக்கு இல்லை. எல்லாப் பக்கமும் வெளிச்சம் நின்றால் நிழல் எங்கே போய் விழும். தியேட்டரில் தொங்கும் விளக்கும் இதே கணக்குதான்: ஒன்றல்ல, ஒரு வட்டத்தில் பல. டாக்டரின் கை ஒன்றை மறைத்தால் மீதியெல்லாம் சேர்ந்து அந்த நிழலை அழித்துவிடும். நிழல் விழாத விளக்கு என்றே அதற்குப் பெயர். இத்தனை நாள் இது தனக்குத் தோன்றாமல் போனதற்காக அவள் தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

"யானை வேணாம்," என்றாள். "சுவருக்கு நாலு பக்கமும் நீளப் பட்டி லைட். மேலே வட்டமா ஒரு வரிசை. எல்லாத்துக்கும் பால் வெள்ளை மூடி. தொட்டிலுக்கு அடியிலயும் வேணும்."

கணவன் அவள் காதருகே வந்தான். "பிள்ளை தூங்கற ரூமு. அதுல இவ்வளவு வெளிச்சமா? கண்ணு என்னத்துக்கு ஆகும்? எல்லாரும் மங்கலாத்தான் வைப்பாங்க."

"எல்லாரும் வீட்ல என்ன வேணா வைக்கட்டும்."

"கத்தறா பாரு. அவளுக்கே பிடிக்கலை."

"அவ கத்தறதுதாங்க எனக்கு வேணும்," என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, கடைக்காரர் யானையை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார்.

வயர்மேன் வந்து வேலையைத் தொடங்கியதிலிருந்து அவள் அவர் கூடவே நின்றாள். வாயாடி மனுஷன். சுவரைக் கொத்திக்கொண்டே, "ஏம்மா, இது பிள்ளை ரூமா, நகைக்கடையா? பாப்பா என்ன, வளையல் விக்கப் போகுதா?" என்றார். கணவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒன்று, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் ஒன்று என்று காட்டிக்கொண்டே போனாள். தொட்டிலின் சட்டங்களுக்கு உட்பக்கமும் மெல்லிய பட்டி ஒட்டச் சொன்னாள். மெத்தைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து அங்கேயும் ஒன்று சொன்னாள். வயர்மேன் கணவனைப் பார்த்தார், கணவன் போடுங்க என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் வேலை முடியட்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் வேலை முடிந்தது. திரையை இழுத்துவிட்டு, பாப்பாவைக் கொண்டுவந்து தொட்டிலில் கிடத்தினாள். வயர்மேன் ஸ்விட்சைப் போட்டார்.

"யப்பா, கண்ணு கூசுது," என்று கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் திருப்பவில்லை. அவளுக்கு இது பழகிய வெளிச்சம். மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டு போனாள். கதவுக்குப் பின்னால் வெள்ளை. அலமாரிச் சந்தில் வெள்ளை. தொட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், தரையின் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. விரிப்பின் மடிப்புகளில்கூட இருட்டு இல்லை. பிறகு தொட்டிலின் முன்னால் நேராக நின்று, வலது கையை வேண்டுமென்றே தலைக்கு மேலே தூக்கினாள். எந்தச் சுவரிலும் ஒன்றும் எழவில்லை. இறக்கினாள். ஒன்றும் இறங்கவில்லை.

சிரிப்பு வந்தது அவளுக்கு. இத்தனை நாளாக நெஞ்சில் கட்டியாக இருந்தது கரைந்து வருவது போல ஒரு சிரிப்பு. கணவனும் அதைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தான். "அவ்வளவுதானே, சிஸ்டர்? இதுக்குத்தானா? சரி, நான் இவருக்கு டீ போட்டுக் குடுக்கறேன்" என்று வயர்மேனை ஹாலுக்கு அழைத்துப் போனான்.

கதவு சாத்தியதும் அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க போவ இப்ப?" என்றாள், பல்லுக்குள்ளேயே. "சொல்லு. எங்க போவ?"

விளக்குகள் சேர்ந்து முனகின, தேனீக்கூட்டில் காது வைத்த மாதிரி. புது வயரின் வாடை, சுடும் மூடிகளின் வாடை. ஹாலில் கோப்பைகள் இடித்துக்கொள்ளும் சத்தமும் வயர்மேனின் பேச்சும் தூரத்தில் கேட்டன. பாப்பா மல்லாந்து படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு வெளிச்சத்தில் கண் கூசவில்லையா இவளுக்கு. அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். மூக்கின் ஓரத்தில், கன்னத்தின் கீழே, தாடைக்கு அடியில், ஒரு முகத்தை முகமாகக் காட்டுகிற அந்தச் சின்னச் சின்ன நிழல்கள் எதுவும் இல்லாமல், பாப்பாவின் முகம் தட்டையாக, காகிதத்தில் வரைந்ததாக இருந்தது. பெற்றவளுக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

பாப்பா அழவில்லை. கடையில் அப்படி அலறினாளே.

கடையிலும் இப்படித்தான் இருந்தது. எல்லாப் பக்கமும் வெளிச்சம். நிழல் விழ இடமில்லை. அப்போது அவள் தரையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். பாப்பாவின் வாயைப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள்.

பாப்பா கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்தாள்.

அந்த வாய் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இளஞ்சிவப்பு. பல் முளைக்காத ஈறு. பால் படிந்த நாக்கு.

கறுப்பாக இருந்தது.

நாக்கு இல்லை. அண்ணம் இல்லை. உதட்டோடு வெள்ளை நின்றது. அதற்கப்புறம் கறுப்பு.

விளக்குகள் எல்லாம் சுற்றி நின்று எரிந்தன. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

உள்ள இருட்டா இருக்கே சிஸ்டர்.

இத்தனை வருஷம் கேட்ட குரல். தினம் கேட்ட குரல். மறந்துவிட்டாள். கோபத்தில் மறந்துவிட்டாள். வெளியே இடமில்லாமல் அது உள்ளே நுழைந்ததற்குத்தான் கடையில் அந்த அலறல்.

போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. டார்ச்சைப் போட்டு வாயருகே கொண்டுபோனாள். வெளிச்சம் உதட்டைத் தொட்டது. நின்றது.

பாப்பாவின் கண்கள் அவளையே பார்த்தன. உதவி கேட்கிற கண்கள்.

கீழ் ஈறின் மேல் ஒரு விரல் நுனி வந்து உட்கார்ந்தது. உள்ளேயிருந்து. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

கத்தப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. எப்போது எழுந்ததென்று தெரியவில்லை, அவளுடைய வலது கை தலைக்கு மேலே நின்றது. அத்தனை வெளிச்சத்தில், விரல்கள் விரித்து. எந்தச் சுவரிலும் அதற்கு நிழல் இல்லை.

ஹாலிலிருந்து கணவனின் குரல் வந்தது, வயர்மேனிடம், பெருமையாக. "பாத்தீங்களா. சத்தமே இல்லை."

நான்காவது விரல் வந்தது. கோணல் விரல்.

அவசரமே இல்லாமல், விலகிக் கிடக்கும் போர்வையை இழுத்துவிடுகிற அதே பக்குவத்தோடு, அது பாப்பாவின் உதடுகளை உள்பக்கமிருந்து பிடித்து இழுத்து மூடிக்கொண்டது.